ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலிப் பொருள் என்றதும் பெட்டியில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று தேடுகிறோம். அது பழைய கதை. இப்போது பெட்டி, ஹாலோகிராம், சீல் எல்லாமே அச்சு அசலாக வருகின்றன, சில சமயம் ஒரிஜினலை விடப் பளபளப்பாகவே வருகின்றன. அதனால் இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத்தான் சொல்லப் போகிறேன். முக்கியமான பொருட்களில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்தவர்களிடமே அது உண்மையா என்று கேட்க முடியும். காசு செலவில்லை, கடை வாசலில் நின்றபடியே பார்த்துவிடலாம். எண் இல்லாத பொருட்களுக்கு என்ன செய்வது என்பதும் கீழே இருக்கிறது. எல்லாம் இந்தியச் சட்டத்தையும் நம்மூர்க் கடைகளையும் மனதில் வைத்து எழுதியது.

லோக்கல், ஃபர்ஸ்ட் காப்பி, ஜெனரிக், டூப்ளிகேட்... எல்லாம் ஒன்றுதானா?

இல்லை, இந்தக் குழப்பத்தால்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். யாருக்கும் தெரியாத ஒரு கம்பெனி தன் சொந்தப் பெயரில் மலிவாக ஒரு சார்ஜர் விற்றால் அது லோக்கல். தரம் சுமாராக இருக்கலாம், ஆனால் அதில் பொய் இல்லை. அதே சார்ஜரில் வேறொரு பெரிய கம்பெனியின் பெயரை அடித்து விற்றால் அது போலி. ஃபர்ஸ்ட் காப்பி, மாஸ்டர் காப்பி என்பதெல்லாம் போலிக்கு வைத்த செல்லப் பெயர்கள், வேறொன்றும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இதைச் சுருக்கமாகவே சொல்கிறது: அசல் என்று பொய்யாகச் சொல்லப்படும் பொருள் போலிப் பொருள்.

ஜெனரிக் மருந்து போலி அல்ல. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை குறைவாக இருப்பதாலேயே அதைச் சந்தேகப்பட்டு, கட்டுப்படியாகாத பிராண்டுக்கு மாதாமாதம் காசு கொட்டுபவர்கள் நிறைய. மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் கிடைப்பது அதே மூலப்பொருள் கொண்ட, உரிமம் பெற்ற நிறுவனங்கள் தயாரித்த மருந்து. பிராண்ட் பெயருக்கான விலை அதில் இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் பெட்டியைப் பார்ப்பதே வீணா?

வீணில்லை. ஆனால் அழகைப் பார்க்காதீர்கள், என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் தயாரிப்பாளர் அல்லது பேக் செய்தவரின் பெயரும் முழு முகவரியும், பொருளின் பெயர், நிகர அளவு, தயாரித்த மாதமும் வருடமும், அதிகபட்ச சில்லறை விலை, புகார் செய்யத் தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011 எடையளவு விதி. வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் எந்த நாட்டில் தயாரானது என்பதும் கட்டாயம்.

போலி தயாரிப்பவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். லோகோவை அப்படியே நகல் எடுத்துவிடுவார்கள், ஆனால் 'ஃபாரின் பெர்ஃப்யூம்' டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் இந்திய முகவரி ஒன்று கூட இருக்காது, அல்லது அச்சடித்த விலைக்கு மேல் இன்னொரு விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். புகார் எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். எடுக்காவிட்டாலோ, எடுத்தவர் சம்பந்தமே இல்லாமல் பேசினாலோ கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் வாங்கலாமா?

முத்திரை மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். உண்மையான ஐஎஸ்ஐ முத்திரை தனியாக நிற்காது. அதன் தலைக்கு மேல் ஐஎஸ் என்று தொடங்கும் தர எண் இருக்கும்: குக்கருக்கு 2347, இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு 4151. அடியில் சிஎம்/எல் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பிறகு 7 அல்லது 10 இலக்க உரிம எண் இருக்கும். மேலேயும் கீழேயும் மொட்டையாக நடுவில் முத்திரை மட்டும் இருந்தால் அது வெறும் படம்.

உரிம எண் கிடைத்ததும் பிஐஎஸ் கேர் என்ற செயலியைத் திறங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனமே நடத்துவது, இலவசம். எண்ணை அடித்தால் அந்த உரிமம் யாருக்கு, எந்த ஊர்த் தொழிற்சாலைக்கு, எந்தப் பொருளுக்கு, இப்போது நடப்பில் இருக்கிறதா என்று வரும். பலர் 'ஏதோ வந்துவிட்டது, சரி' என்று மூடிவிடுகிறார்கள். வந்ததைப் படிக்க வேண்டும். கையில் குக்கரை வைத்துக்கொண்டு எண்ணை அடிக்கும்போது ஏதோ ஒரு கம்பி கம்பெனியின் பெயர் வந்தால் அது திருடிய எண்.

பெரிய இடத்தில் வாங்கினால் இதெல்லாம் வேண்டாம் என்றும் நினைக்காதீர்கள். குக்கருக்கு 2021 பிப்ரவரி முதல் ஐஎஸ்ஐ கட்டாயம். அதற்குப் பிறகும் முத்திரை இல்லாத குக்கர்களைத் தங்கள் தளத்தில் விற்க விட்டதற்காக 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, வாங்கியவர்களிடமிருந்து அவற்றைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. குக்கர் வெடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ரோட்டோரத்தில் 250 ரூபாய்க்கு ஐஎஸ்ஐ ஹெல்மெட் விற்கிறார்களே?

வாங்காதீர்கள். போலீசிடம் இருந்து அது காப்பாற்றலாம், தலையைக் காப்பாற்றாது. ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே துணியையும் ஸ்பாஞ்சையும் விலக்கிப் பாருங்கள். வெளி ஓட்டுக்கும் துணிக்கும் நடுவில் கெட்டியான தெர்மாகோல் போன்ற ஒரு அடுக்கு, விரல் பருமனுக்குக் குறையாமல் தலை முழுக்கச் சுற்றி இருக்க வேண்டும். விழுந்தால் நசுங்கி அடியை வாங்கிக்கொள்வது அந்த அடுக்குதான். போலியில் அது இருக்காது, அல்லது உச்சியில் மட்டும் பேருக்கு ஒரு துண்டு இருக்கும், மீதியெல்லாம் ஸ்பாஞ்ச். ஓட்டின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கையால் அழுத்தினால் பிளாஸ்டிக் டப்பா போல உள்வாங்கினாலும் அது ஹெல்மெட் இல்லை. 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ இல்லாத இருசக்கர ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி தவறு.

சார்ஜர், பவர் பேங்க்குக்கு ஐஎஸ்ஐ இருக்காதே, அதை எப்படிப் பார்ப்பது?

மின்னணுப் பொருட்களுக்கு வேறு முறை. பொடி எழுத்தில் இருக்கும், போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்: ஆங்கில ஆர், ஒரு கோடு, அதற்குப் பிறகு 8 இலக்கம். போன், சார்ஜர், பவர் பேங்க், வயர்லெஸ் இயர்போன், ஸ்மார்ட் வாட்ச் எல்லாவற்றிலும் இந்தப் பதிவு எண் இருக்க வேண்டும். இதையும் அதே பிஐஎஸ் கேர் செயலியில் தட்டலாம். எந்தத் தொழிற்சாலை, எந்த பிராண்ட், எந்த மாடல் என்று வரும். பிராண்ட் பெயர் பொருந்தவில்லை என்றால் முடிந்தது கதை.

சார்ஜரில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தச் சின்ன டப்பாவுக்குள் ஒரு பக்கம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், மறுபக்கம் போனுக்குப் போகும் 5 வோல்ட். இரண்டுக்கும் நடுவில் போர்டில் சில மில்லிமீட்டர் இடைவெளியும், டிரான்ஸ்ஃபார்மருக்குள் நல்ல இன்சுலேஷனும் இருந்தால்தான் ஒன்று மற்றொன்றுக்குள் பாயாது. போலிக்காரர் மிச்சம் பிடிப்பது சரியாக அந்த இரண்டில்தான், ஏனென்றால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. கையில் எடுத்தால் ஒரிஜினலை விடச் சட்டென்று லேசாக இருக்கும். பின்கள் ஆடும். இதைத் தலையணை அருகே போட்டுவிட்டுத் தூங்குகிறோம்.

பவர் பேங்க்கில் இன்னொரு ஏமாற்று வேலை, எண்ணை ஊதுவது. 10000 எம்ஏஎச் என்று எழுதியது உள்ளே உள்ள பேட்டரியின் அளவு, 3.7 வோல்ட் கணக்கில். போனுக்கு 5 வோல்ட்டில் வரும்போது சுமார் 6000 தான் கிடைக்கும், அது மோசடி இல்லை, எல்லாருக்கும் அப்படித்தான். ஒழுங்கான கம்பெனி அந்தச் சின்ன எண்ணையும் தனியாக அச்சடித்திருக்கும். 50000 என்று எழுதிவிட்டு சட்டைப் பையில் அடங்கும் எடையில் இருப்பதுதான் மோசடி. லித்தியம் பேட்டரிக்கு எடை உண்டு, அதை யாராலும் மறைக்க முடியாது.

மெமரி கார்டு, பென்டிரைவ் வாங்கினேன், கம்ப்யூட்டரில் 512 ஜிபி என்றுதான் காட்டுகிறது. அப்படியும் போலியாக இருக்குமா?

இருக்கும். கார்டுக்குள் ஒரு சின்ன கன்ட்ரோலர் சிப் இருக்கிறது, 'நான் எவ்வளவு பெரியவன்' என்று கம்ப்யூட்டரிடம் சொல்வது அதுதான். அதன் உள் நிரலை மாற்றிவிட்டால் 32 ஜிபி கார்டு 512 என்று கூசாமல் பொய் சொல்லும். முதல் 32 வரை எல்லாம் ஒழுங்காகப் பதியும். அதற்கு மேல் போட்டால் பழைய ஃபைலின் மேலேயே எழுதும், அல்லது எழுதியது போல் நடித்துவிட்டுக் கோட்டை விடும். கல்யாண வீடியோ எடுத்துவிட்டு வீட்டில் வந்து திறக்கும்போதுதான் தெரியும்.

வாங்கிய அன்றே சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்று இலவச மென்பொருட்கள் உண்டு, கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து எவ்வளவு நிஜம் என்று சொல்லிவிடும். பெரிய கார்டுக்கு நேரம் பிடிக்கும், இரவு போட்டுவிட்டுப் படுங்கள். 2000 ரூபாய்க்கு 16 டிபி என்று வரும் வெளி எஸ்எஸ்டி விளம்பரங்களுக்கு அந்தச் சோதனை கூடத் தேவையில்லை.

செகண்ட் ஹேண்ட் போன்?

காசு கொடுக்கும் முன் *#06# அடித்து 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள். பெட்டியில் இருப்பதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, அந்த எண், இதை 14422 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று வரும். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தாலோ, அதே எண் வேறு போன்களிலும் ஓடிக்கொண்டிருந்தாலோ அதுவும் தெரியும். விற்பவர் 'அதெல்லாம் எதுக்கு சார்' என்றால் அதுதான் உங்களுக்குப் பதில்.

நகையில் 916 என்று இருக்கிறது, போதாதா?

போதாது. 916 என்று பொறிக்க ஒரு ஆணியும் சுத்தியலும் இருந்தால் போதும். 'கேடிஎம்' என்பதும் ஹால்மார்க் இல்லை, அது பற்றவைத்த முறையைச் சொல்லும் பழைய வார்த்தை.

இப்போதைய ஹால்மார்க்கில் மூன்று விஷயம் இருக்கும்: பிஐஎஸ் முக்கோண முத்திரை, 22கே916 போன்ற தூய்மை அளவு, அப்புறம் எச்யுஐடி, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்து 6 இலக்கத்தில் ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் அடையாள எண். ஹால்மார்க் 2021 ஜூன் 16 முதல் கட்டம் கட்டமாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் எச்யுஐடி இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைக்காரர் விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைந்த நகை, குந்தன், போல்கி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

கடையில் பூதக்கண்ணாடி கேளுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி வைத்திருக்க வேண்டியது கடையின் பொறுப்பு, கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். வளையல் என்றால் உட்புறத்தில், செயின் என்றால் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டையில் லேசரில் பொறித்திருக்கும். அந்த ஆறு எழுத்தையும் பிஐஎஸ் கேர் செயலியில் அடியுங்கள். கடையின் பெயர், சோதித்த மையத்தின் பெயர், சோதித்த தேதி, தூய்மை, என்ன நகை என்பது வரை வரும். இந்தக் கடைசி விவரத்தை விட்டுவிடாதீர்கள். கையில் செயின் இருக்கும்போது செயலியில் மோதிரம் என்று வந்தால், வேறொரு நகையின் எண்ணைத் திருடி இதில் அடித்திருக்கிறார்கள்.

பில்லில் ஒவ்வொரு நகைக்கும் பெயர், நிகர எடை, காரட், ஹால்மார்க் கட்டணம் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரு நகைக்கு 45 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் அந்தக் கட்டணம், அதற்கு மேல் 'ஹால்மார்க் சார்ஜ்' என்று நூற்றுக்கணக்கில் போட்டால் கேளுங்கள்.

பழைய நகை மேல் சந்தேகம் இருந்தாலும் வழி இருக்கிறது. பிஐஎஸ் அங்கீகரித்த சோதனை மையத்தில் பொதுமக்களே கொண்டுபோய்க் கொடுக்கலாம், நான்கு நகை வரை 200 ரூபாய். ஹால்மார்க் நகையில் சொன்னதை விடத் தூய்மை குறைந்திருந்தால், அந்தக் குறைவுக்கான மதிப்பில் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கிடைக்க 2018 பிஐஎஸ் விதி 49 வழி செய்கிறது. பில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

எண்ணையே காப்பி அடித்தால் என்ன செய்வது?

நல்ல கேள்வி, அடிக்கத்தான் செய்கிறார்கள். எல்லா எண்ணுக்கும் ஒரே பலம் இல்லை. எச்யுஐடி ஒவ்வொரு நகைக்கும் தனி, அதனால் நகல் எடுத்தால் எங்காவது பொருந்தாமல் போகும். ஐஎம்இஐயும் அப்படியே. ஐஎஸ்ஐ உரிம எண்ணோ ஒரு தொழிற்சாலையின் அந்தப் பொருள் மொத்தத்துக்கும் ஒன்றுதான், ஒரிஜினல் குக்கரில் இருப்பதைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டால் செயலி 'சரி' என்றுதான் சொல்லும். அந்த மாதிரிப் பொருட்களுக்கு எண் முதல் சல்லடை, யாரிடம் வாங்குகிறோம் என்பது இரண்டாவது. கம்பெனியின் இணையதளத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட கடைப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போவது அதற்குத்தான்.

இன்னொன்று. பெட்டியில் இருக்கும் கியூஆரை ஸ்கேன் செய்தால் 'வாழ்த்துகள், இது அசல்' என்று பச்சை நிறத்தில் ஒரு பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்தையே போலிக்காரர் தயாரித்திருக்கலாம். முகவரியைப் படியுங்கள். அச்சடித்த இணைப்பை நம்பாமல், கம்பெனியின் தளத்தை நீங்களே தட்டி உள்ளே போய்ச் சரிபாருங்கள்.

மருந்தில் போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணால் கண்டுபிடிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம், அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்களால் முடிந்தது வாங்கும் இடத்தைக் கவனிப்பதும் எண்களை ஒப்பிடுவதும்தான்.

டோலோ, கால்பால், ஷெல்கால், தைரோநார்ம் போல அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு, 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாரானவற்றில் பார்கோடோ கியூஆர் கோடோ கட்டாயம். ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, உரிம எண் எல்லாம் வர வேண்டும், அவை அட்டையில் அச்சடித்ததோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கடை பில்லிலும் பேட்ச் எண் இருக்கும், அதுவும் அதே எண்ணாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று வேறாக இருந்தால் சாப்பிடாதீர்கள், மருந்தாளுநரிடம் காட்டுங்கள்.

மாத்திரைப் பட்டையைக் கத்தரித்து இரண்டு மூன்றாகக் கொடுக்கும்போது பேட்ச் எண் இருக்கும் பகுதி கடையிலேயே நின்றுவிடும். அந்தத் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள், அல்லது பில்லையாவது வாங்குங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையின் நிறம், வாசனை, கசப்பு மாறியிருந்தால் நீங்களாக நிறுத்திவிடாமல் அன்றே டாக்டரிடமோ மருந்துக் கடையிலோ சொல்லுங்கள். ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு மருந்துகளைச் சட்டென்று நிறுத்துவது தனி ஆபத்து.

விலை உயர்ந்த ஊசி மருந்தை 'பாதி விலைக்கு ஏற்பாடு செய்கிறேன்' என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். 2024 மார்ச்சில் டெல்லி காவல்துறை ஒரு கும்பலைப் பிடித்தது. புற்றுநோய் மருந்தின் காலிக் குப்பிகளை மருத்துவமனை ஊழியர்கள் மூலம் வாங்கி, பூஞ்சைக்குக் கொடுக்கும் மலிவான மருந்தை நிரப்பி, நோயாளிகளின் குடும்பத்துக்கே விற்றார்கள். நிலத்தை விற்று வாங்கிய ஊசியில் அது இருந்தால் அந்த நோயாளிக்கு இழந்த நாட்களை யார் திருப்பித் தர முடியும்?

சந்தேகம் வலுத்தால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். 1940 மருந்துச் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி, வாங்கிய மருந்தை நீங்களே கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்கு அனுப்பவும் உரிமை இருக்கிறது.

முகத்துக்குப் போடும் கிரீம் பத்து நாளில் வெள்ளையாக்குகிறது. போலியா?

பத்து நாளில் வெள்ளையாக்குகிறது என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படி வேகமாக வேலை செய்யும் பெயர் தெரியாத கிரீம்கள் பலவற்றில் பாதரசம் இருக்கிறது. கேரளத்தில் மலப்புறம் பகுதியில் இந்த மாதிரி கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகத்தில் புரதம் கசியும் நோய் வந்ததை மருத்துவர்கள் கவனித்தார்கள். 2023-ல் அம்மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் சோதனை நடத்தி இவற்றைப் பறிமுதல் செய்தது. டப்பாவில் உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண் இல்லாத கிரீமை, வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் விவரம் இல்லாததை, தோழி தந்தாலும் முகத்தில் தடவாதீர்கள்.

பட்டுப் புடவை?

இங்கே கை வேலை கொஞ்சம் உண்டு. முந்தானை ஓரத்தில் தொங்கும் நூலில் ஒன்றைப் பிய்த்துக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை விரலில் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டி உருண்டையாக நிற்கும். ஆர்ட் சில்க் எனப்படும் ரேயான் காகிதம் போல எரியும். நீளவாட்டில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூல் இரண்டிலும் பார்க்க வேண்டும், ஒன்றில் பட்டும் மற்றதில் வேறும் கலந்து நெய்வது சாதாரணம்.

ஜரிகையில் ஏமாற்று இன்னும் அதிகம். அசல் ஜரிகை என்பது சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலைச் சுற்றி மெல்லிய வெள்ளிக் கம்பி, அதற்கு மேல் தங்கப் பூச்சு. ஒரு இழையை நகத்தால் சுரண்டிப் பிரித்தால் வெள்ளி நிறமும் உள்ளே சிவப்பு நூலும் தெரியும். உள்ளே வெள்ளை பாலியஸ்டர் இருந்தாலோ, உலோகமே செம்பு நிறத்தில் இருந்தாலோ அது அசல் ஜரிகை இல்லை. விலை குறைவாக இருந்து அதைச் சொல்லியே விற்றால் தப்பில்லை, சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

மத்திய பட்டு வாரியம் ஆதரிக்கும் சில்க் மார்க் அட்டை நூல் தூய பட்டுதானா என்பதற்கு மட்டுமே சாட்சி. கைத்தறியா விசைத்தறியா, ஜரிகை எப்படிப்பட்டது என்பதற்கு அல்ல. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, இருந்தும் அந்தப் பெயரில் வேறு ஊர் விசைத்தறிப் புடவைகள் குவிகின்றன. அதனால் கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து. அங்கே கொடுக்கும் காசு தறியில் உட்கார்ந்தவருக்கும் போய்ச் சேரும்.

ஆன்லைனில் வாங்கும்போது?

தளத்தின் பெயரைப் பார்க்காமல் விற்பவர் யார் என்று பாருங்கள். விலைக்குக் கீழே பொடியாக இருக்கும். கம்பெனியின் அதிகாரப்பூர்வக் கடையா, அல்லது நேற்று முளைத்த பெயரா? ஐந்து நட்சத்திர விமர்சனங்களை விட்டுவிட்டு ஒரு நட்சத்திரத்தைப் படியுங்கள், 'டூப்ளிகேட்' என்று யாராவது புலம்பியிருப்பார்கள். பார்சலைப் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து வெட்டில்லாமல் வீடியோ எடுத்துவையுங்கள், முகவரிச் சீட்டு தெரியும்படி.

இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் பெரிய பிராண்டின் ஷூ 80 சதவீதத் தள்ளுபடி என்று வந்தால் இணைய முகவரியைப் படியுங்கள், பிராண்ட் பெயரோடு சேல், ஆஃபர், இந்தியா என்று ஏதாவது வால் ஒட்டியிருக்கும். அங்கே பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

தெரிந்தே ஃபர்ஸ்ட் காப்பி வாங்கினால் சட்டப்படி குற்றமா?

சொந்த உபயோகத்துக்கு வாங்குபவரை நம் வணிகக் குறிச் சட்டம் தண்டிப்பதில்லை, தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும்தான் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. ஆனால் இத்தாலி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் வாங்குபவருக்கும் அபராதம் உண்டு, சுற்றுலா போகிறவர்கள் கவனிக்கவும். சட்டத்தைத் தாண்டி என் கருத்தைக் கேட்டால், பையும் டி-ஷர்ட்டும் உங்கள் விருப்பம். உடம்புக்குள் போவது, உடம்பில் தடவுவது, கரண்டில் செருகுவது, வண்டியில் பிரேக்காக இருப்பது, இந்த நான்கிலும் காப்பி வேண்டவே வேண்டாம்.

வாங்கிவிட்டேன், போலி என்று இப்போதுதான் தெரிந்தது. என்ன செய்ய?

முதலில் உபயோகத்தை நிறுத்துங்கள் (வழக்கமாகச் சாப்பிடும் மருந்து என்றால் மேலே சொன்னபடி டாக்டரிடம் கேட்டுவிட்டு), தூக்கியும் போடாதீர்கள். பொருள், பெட்டி, பில், பணம் கட்டிய ரசீது, செயலியில் வந்த முடிவு எல்லாவற்றையும் படம் எடுத்துவையுங்கள். விற்றவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், வாட்ஸ்அப்பாக இருந்தாலும் பரவாயில்லை. போனில் கத்துவதால் பயனில்லை, சாட்சி இருக்காது.

ஆன்லைன் என்றால் 2020 மின்வணிக விதிகள் உங்கள் பக்கம். போலிப் பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 'திரும்பப் பெறும் காலம் முடிந்துவிட்டது' என்று பதில் வந்தால் இந்த விதியைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள், தொனி மாறும்.

அசையவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். பிஐஎஸ் முத்திரை மோசடி என்றால் பிஐஎஸ் கேர் செயலியிலேயே புகார் பகுதி இருக்கிறது. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். போலிப் பொருளால் காயம் ஏற்பட்டிருந்தால் அது வெறும் பண விவகாரம் இல்லை. நுகர்வோர் சட்டத்தின் 91-வது பிரிவில் விற்றவருக்குச் சிறைத் தண்டனை உண்டு, உயிர் போயிருந்தால் ஆயுள் தண்டனை வரை போகும்.

பில் கேட்டால் 'ஜிஎஸ்டி சேரும், பரவாயில்லையா' என்கிறார்களே?

பரவாயில்லை என்று சொல்லுங்கள். நீங்கள் மிச்சம் பிடிக்கும் அந்தத் தொகை உண்மையில் உங்கள் உரிமையின் விலை. மேலே சொன்ன எந்தப் படியும் பில் இல்லாமல் ஏறாது. 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு பில் இல்லை, கடையின் பெயர், ஜிஎஸ்டி எண், தேதி, பொருளின் பெயர், மாடல் எண் இருக்க வேண்டும்.

போலிக்குப் போகும் ஒரிஜினல் பெட்டியும் பாட்டிலும் எங்கிருந்து கிடைக்கின்றன?

பெரிய பங்கு நம் வீட்டிலிருந்துதான். என்ஜின் ஆயில் டப்பா, பெர்ஃப்யூம் பாட்டில், பிரிண்டர் டோனர், ஷாம்பு டப்பா எல்லாவற்றையும் மூடியோடு முழுசாகப் பழைய பேப்பர் கடையில் போடுகிறோம். அதில் நல்ல நிலையில் இருப்பதற்குத் தனி விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள், மறுபடி நிரப்பி, புது சீல் போட்டால் வேலை முடிந்தது. ஆயில் மாற்றும்போது மெக்கானிக்கிடம் உங்கள் கண் முன்னாலேயே புது டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள், காலி டப்பாவை ஆணியால் ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள். பெர்ஃப்யூம் பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிடுங்கள், போன் பெட்டியில் ஐஎம்இஐ ஒட்டியிருக்கும் பகுதியை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது ஊசி மருந்து போட்டு முடிந்தால் காலிக் குப்பியை அப்படியே குப்பையில் போடாமல், லேபிளைப் பிய்த்துவிட்டு, மருத்துவக் கழிவு எடுக்கும் மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.